கொண்டையா? உழைப்பா?

"சினிமாக்காரியைப் பார்த்தே பெண்கள் கெடுகிறார்கள்!" என்று சீறுகிறாயே, தோழா! கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைச் சற்றே எண்ணிப்பார். வறுமையிலே பிறந்தார்; குரலையே வாளாக்கினார். 1935-இல் வந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார்! 1951-இல் சென்னைச் சட்ட மேலவையிலே அமர்ந்தார்!

நடிகையின் சேலையும் கொண்டையும் ஒப்பனை. படம் முடிந்ததும் கலையும். உழைப்பு கலையுமா? உழைப்புக்குரிய ஊதியத்தைத் தலைநிமிர்ந்து பெற்ற துணிவு கலையுமா? கூலிக்காகக் குரல் கொடுக்கும் உனக்கா இது புரியாது?

உன் தங்கை எதைப் பின்பற்றுவாள்? விடை உன் கையிலே! அடுப்படியிலே அடைத்து வைத்தால், அவள் கண்ணுக்குக் கொண்டைதான் தெரியும். பள்ளிக்கு அனுப்பு, தொழில் கற்க விடு. அப்போது அந்த உழைப்பைக் காண்பாள். நாளை, அவளைக் கண்டு நாலு பெண்கள் நிமிர்வார்கள்!