ஏறும் முன் ஒரு சுற்று

எங்கள் ஒர்க்‌ஷாப் நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் போகிற ரோட்டில் இருக்கிறது. கொல்லிமலைக்குப் போகிற கார்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கிற நாட்களில் காலையிலிருந்தே வரிசை கட்டி ஏறும். ஏறுகிறபோது யாரும் எங்கள் கடையில் நிற்பதில்லை. இறங்கி வரும்போதுதான் நிற்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு சாயங்காலம், ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வந்து நின்றது. காருக்குள் ஆறு பேர். பின் சீட்டில் ஒரு பாட்டியம்மா கண்ணை மூடிக் கும்பிட்டபடியே உட்கார்ந்திருந்தார். ஓட்டி வந்தவருக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

"ஏனுங்ணா, பிரேக்க மிதிச்சா மெத்தையில மிதிச்ச மாதிரி அடிவரைக்கும் போவுதுங்க. பாதி மலையில ஒரு வளைவுல வண்டி நிக்கவே இல்லீங்க. ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு, மலைப்பக்கமா ஒரசித்தான் நிறுத்துனனுங்க. அரை மணி நேரம் கழிச்சு மிதிச்சா பிரேக் சும்மா ஜம்முனு புடிக்குது. என்னன்னே தெரியலீங்க."

நான் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். புது பிரேக் ஆயில் வெளிறிய மஞ்சளாக, நல்லெண்ணெயைவிடத் தெளிவாக இருக்கும். அந்த டப்பாவில் இருந்தது கடுங்காப்பி நிறம். வண்டிக்கு வயசு ஏழு. "சர்வீஸ் தவறாம விட்டிருக்கனுங்க" என்று பில்களை எடுத்து நீட்டினார். என்ஜின் ஆயில், ஏசி கிளீனிங், வாட்டர் வாஷ், பாலிஷ் எல்லாம் இருந்தது. ஏழு வருடத்தில் ஒரு பில்லில்கூட பிரேக் ஆயில் மாற்றிய வரி இல்லை.

பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. மூடி இறுக்கமாகவே இருந்தாலும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா வழியாகவும் காற்றில் உள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேரும். இப்போது பல கார்களில் ஊற்றுகிற டாட் 4 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருக்கும்போது அது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி தாங்கினால் போதும் என்பதே அதற்கான தரக் கணக்கு. அதற்குக் கீழே உள்ள டாட் 3 ஈரம் ஏறினால் 140. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க்கும் பேடும் பழுக்கக் காய்ந்து அந்தச் சூடு ஆயிலுக்கு இறங்கும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். திரவத்தை அமுக்கினால் அது விசையை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டு போகும். ஆவியை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பெடல் தரை தொடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பிரேக்கும் திரும்பி வந்துவிடும். அந்த ஈரோட்டுக்காரருக்கு நடந்தது இதுதான்.

பிரேக் ஆயிலை மாற்ற ஆன செலவு, கூலியோடு சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள். மேனுவலைப் பார்த்து, அதில் சொன்ன ரகத்தை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சர்வீஸ் விடும்போது நீங்களே வாய் திறந்து கேளுங்கள். கேட்காதவர்களுக்கு மாற்றாமலே விட்டுவிடுகிற இடங்கள் உண்டு.

மலை இறங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது, வளைவு செங்குத்தாக இருந்தால் முதல் கியர். என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இன்றைய கார்களில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் என்ஜினுக்குப் போகிற பெட்ரோலையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜினை ஓட்டிக்கொண்டிருக்க பெட்ரோல் செலவாகும். என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவது அதைவிட மோசம். பிரேக்குக்குத் துணை செய்கிற வாக்குவம் போய்விடும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பிரேக் சூடேறி வாடை அடித்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் நிற்க வேண்டும். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், கோணிக்கொள்ளும்.

எங்கள் அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் பிறந்தவனுக்கு இது புதுக் கதை அல்ல, தெருவுக்கு நாலு வீட்டில் லாரிக்காரர்கள்தான். பள்ளிக்கூட லீவில் என்னையும் லோடோடு கூட்டிப் போவார். டீ குடிக்க நிறுத்தினாலும் சரி, விடியற்காலம் கிளப்பினாலும் சரி, கையில் ஒரு இரும்பு ராடோடு வண்டியை ஒரு சுற்று வந்து, ஒவ்வொரு டயராகத் தட்டுவார். பின்னால் இருப்பது இரட்டை டயர். உள் டயரில் காற்று இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். காற்று சரியாக இருந்தால் ராடு துள்ளித் திரும்பும், 'டங்' என்று இருக்கும். இறங்கியிருந்தால் 'தொப்' என்று அமுங்கும். தட்டிக்கொண்டே அடியில் ஆயில் சொட்டுகிறதா என்று குனிவார், லைட்டைத் துடைப்பார். மூன்று நிமிஷம். முப்பது வருடமாக கார் வேலை பார்க்கிறேன், அந்தச் சுற்றைச் செய்கிற கார்க்காரரை விரல் விட்டு எண்ணிவிடலாம். புது வண்டிக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். அதற்குப் பிறகு அந்த டயரைக் குனிந்து பார்ப்பதே இல்லை.

டயர் பழுதுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது ஒரு ரிட்டயர்டு வாத்தியாருடைய வண்டி. ஒன்பது வருடத்தில் மொத்தமே 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எடுப்பார், மற்ற நாளெல்லாம் கவர் போட்டு வைத்திருப்பார். சித்திரை வெயிலில் கரூர் போகும்போது பரமத்தி வேலூர் பக்கம் முன் டயர் வெடித்தது. ஸ்டியரிங்கை விடாமல், பிரேக்கை அழுத்தாமல் நேராக ஓட விட்டு ஓரம் கட்டியிருக்கிறார், அதனால் பிழைத்தார். டயரைப் பார்த்தால் பட்டன் அப்படியே இருக்கிறது. "பட்டன் தேயவே இல்லையேப்பா, எப்படி வெடிக்கும்?" என்று கேட்டார். பக்கவாட்டை மடக்கிக் காட்டினேன். முடி முடியாக வெடிப்பு. ரப்பர் ஓடினாலும் கெடும், சும்மா நின்றாலும் கெடும்.

டயரின் பக்கவாட்டில், டாட் என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்குகிற ஒரு வரி இருக்கும். அதன் கடைசியில் நாலு எண். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். சில டயரில் இந்த எண் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், கடையில் இரண்டு வருடம் கிடந்ததை உங்கள் தலையில் கட்டக் கூடாது. ஆறு வருடம் தாண்டினால் எவ்வளவு பட்டன் இருந்தாலும் மாற்றச் சொல்லிவிடுவேன். பட்டன் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். காடிக்குள் குறுக்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அது மொட்டை டயர்தான். மழையில் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ள அதில் வழி இருக்காது.

காற்று எவ்வளவு வைப்பது என்று பங்க்கில் பையன் கேட்டால் "முப்பது வைப்பா" என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று அதிலேயே போட்டிருக்கும். டயர்மேல் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்குகிற உச்ச அளவு, அதை வைக்கக் கூடாது. ஓடிய டயர் சூட்டில் கூடுதலாகக் காட்டும், அதனால் வீட்டில் இருந்து கிளம்பியதும் பக்கத்து பங்க்கிலேயே பிடியுங்கள். காற்று குறைந்த டயர் உருளும்போது பக்கவாட்டு மடங்கி மடங்கி விரியும், அந்த மடிப்புச் சூடுதான் நாற்கர சாலையில் வெடிக்க வைக்கிறது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். நைட்ரஜன் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நாம் சுவாசிக்கிற காற்றில், பங்க்கில் பிடிக்கிற சாதாரணக் காற்றில், 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு இருநூறு முந்நூறு ரூபாயில் ஒரு காற்று மீட்டர் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைத்தால் வருடக்கணக்கில் உதவும்.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள். அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு. 1904 வாக்கில் அங்கே டேவிஸ் சகோதரர்கள் இருவர் காருக்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள், தெருவின் பெயரே சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. டிக்கியில் மிதியடிக்குக் கீழே கிடப்பதால் வருடக்கணக்கில் யாரும் காற்று பார்ப்பதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஜாக்கி போட்டுக் கழற்றிய பிறகு ஸ்டெப்னியும் காற்றில்லாமல் இருந்தால் என்ன செய்வது? நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான எண் அது.

சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதில் காசு இழக்கிறார்கள். கிளெய்ம் போடாத வருடங்களுக்குச் சொந்தச் சேத பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. முதல் வருடத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50. உங்கள் பிரீமியம் 10,000 என்று வைத்துக்கொள்வோம், 50 சதவீதம் போக 5,000 கட்டி வருகிறீர்கள். பம்பர் ஒடுக்கு எடுக்க 4,000 ரூபாய்க்கு ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் தள்ளுபடி பூஜ்ஜியம். 20இல் இருந்து மறுபடி ஏற வேண்டும். பிரீமியம் மாறாமல் இருந்தால் மூன்றே வருடத்தில் 10,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். அந்த 4,000 ரூபாயும் முழுதாகக் கைக்கு வராது. 1,500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் தலையில், பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி எடுத்தவர்களுக்கு மட்டும் அந்தப் பாதி வெட்டு இல்லை. இந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. காரை விற்றாலும் அதற்கான சான்று வாங்கி அடுத்த காருக்குக் கொண்டு போகலாம். பாலிசி முடிந்து 90 நாளைக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, எங்கள் கஸ்டமர் ஒருவரின் மகன் போன் செய்தான். "மாமா, பேஸ்மென்ட்ல சீட் வரைக்கும் தண்ணி. வடிஞ்சிடுச்சு. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவா?" "சாவியவே தொடாத சாமி, பேட்டரி வயரக் கழட்டு, டோ பண்ணிட்டுப் போகச் சொல்லு" என்றேன். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது கிளப்பினால், பிஸ்டன் அமுக்க தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படிக் கிளப்பிப் போன என்ஜினுக்கு, என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால் தவிர இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம்.

சீட் பெல்ட் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பீப் சத்தம் வரக் கூடாதென்று வெறும் கிளிப்பை வாங்கிச் சொருகி வைக்கிறார்கள். வேலைக்கு வருகிற காரில் அதைப் பார்த்தால் கழற்றி ஓனர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. பெல்ட் போடாமல் ஏர்பேக் மட்டும் இருந்தால் அது காப்பாற்றாது, நாம் அதன்மேல் போய் விழும்போது அது எதிரே வெடித்து வரும். முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பின் சீட்டுக்குத் தேவையில்லை என்பதும் தப்பு. டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். விலையுயர்ந்த கார்தான். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள், முன் சீட்டில் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள்.

போன வருடம் ஆடியில் அதே ஈரோட்டுக் குடும்பம் மறுபடி வந்தது. இந்தத் தடவை ஏறும் முன்னாலேயே கடையில் நிறுத்தினார்கள். அவர் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார், மாற்றி எட்டு மாசம் ஆகியிருந்தது, நிறம் தெளிவாக இருந்தது. எட்டாவது படிக்கிற அவருடைய பெண் ஒரு கோடு போட்ட நோட்டோடு இறங்கினாள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினது, எவ்வளவு ஆச்சு எல்லாம் அவள் கையெழுத்தில். முன்னால் இடது பக்கம் உட்கார்ந்து செல்போன் டார்ச் அடித்து டயரைப் படித்தாள். பின் டயருக்கு நகர்ந்தாள். வண்டியைச் சுற்றி வந்து முடித்ததும் அப்பாவைப் பார்த்து, "டிக்கியத் தொறங்கப்பா, ஸ்டெப்னி பாக்கோணும்" என்றாள். மீட்டரை வைத்தேன். பதினெட்டு பவுண்டுதான் இருந்தது. கம்ப்ரஸரைப் போட்டேன்.