ஊர்வலத்துக்கு ஒரு பிக்கப்

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் ஆண்டுதோறும் ஓர் ஊர்வலம் நடக்கிறது. சாமி கிடையாது, தேர்கள் மட்டும் உண்டு. சுறா வடிவில் ஒரு கார் வரும். குதிகால் உயர்ந்த சிவப்புச் செருப்பாக இன்னொன்று வரும். எல்லாம் ஒரு காலத்தில் சாதாரண வண்டிகளாக ஓடியவை. இவற்றுக்கு ‘ஆர்ட் கார்’ என்று பெயர். 1984-இல் ஜாக்கி ஹாரிஸ் என்ற கலைஞர், 1967-ஆம் ஆண்டின் ஃபோர்டு வண்டி ஒன்றில் பிளாஸ்டிக் பழங்களை ஒட்டி ‘ஃப்ரூட்மொபைல்’ செய்தார். அதன் வழியில் 1988-இல் 40 வண்டிகளுடன் முதல் ஊர்வலம் கிளம்பியது. இன்று 200-க்கு மேல் வருகின்றன.

பி.எம்.டபிள்யூ நிறுவனமும் 1975 முதல் பெரிய ஓவியர்களைக் கொண்டு கார்களுக்கு வண்ணம் பூசவைக்கிறது. அவை அழகானவைதான். ஆனால் வீட்டு வாசலில், கையிருப்புக் காசில், குடும்பத்தாரின் முணுமுணுப்புக்கு நடுவே உருவாகும் வண்டியின் சுவாரசியம் அவற்றில் இல்லை.

அப்படிச் செய்ய நினைப்பவர்களுக்குப் பழைய பிக்கப் வண்டி மிக வசதியானது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சேஸி இல்லை. கூரையும் தூண்களும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. கூரையை வெட்டினால் வண்டியே தொய்ந்துவிடும். வழக்கமான பிக்கப்பிலோ ஏணி போன்ற இரும்புச் சட்டம் அடியில் தனியாக ஓடுகிறது. பின்பக்கச் சரக்குத் தொட்டி அதன்மேல் சில போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் டிராகனோ கப்பலோ கட்டிப் பொருத்தலாம்.

சட்டத்தைத் துரு தின்றிருந்தால் அந்த வண்டியைத் தொடவே வேண்டாம். பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றையும் முதலில் சரிசெய்துவிட வேண்டும். மேலே சிலை ஏறிய பிறகு கீழே கை நுழையாது.

அடுத்து, ஒட்டும் வேலை. பொம்மையோ பீங்கான் துண்டோ எதை ஒட்டினாலும், அமெரிக்க ஆர்ட் கார்க்காரர்கள் பலரும் நாடுவது சிலிகான் சீலன்ட். வெயிலில் தகடு விரிகிறது, பிளாஸ்டிக் அதைவிட அதிகமாக விரிகிறது. இறுகிப்போகும் பசை இந்த இழுபறியில் விரிசல் விட்டுவிடும். சிலிகான் ரப்பர் போல இழுத்துக் கொடுக்கும். ஆனால் புளிக்காடி வாடை அடிக்கும் சிலிகானில் அசிட்டிக் அமிலம் வெளியாகும். வெறும் இரும்பில் பட்டால் அரிக்கும். ஆகவே தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்து, காயவிட்டுப் பிறகு ஒட்ட வேண்டும். வரிசையை மாற்றவும் முடியாது. சிலிகான் மேல் பெயின்ட் பிடிக்காது.

கனமான எதையும் பசையை நம்பி விடக் கூடாது. போல்ட் அல்லது வெல்டிங்தான். வண்டியின் வேகம் இரட்டிப்பானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். மெதுவாக நகரும் ஊர்வலத்தில் அசையாமல் நின்ற கொம்பு, நெடுஞ்சாலையில் பின்னால் வருபவரின் கண்ணாடியில் போய் விழலாம். துளை போட்ட இடத்திலெல்லாம் துருத்தடுப்புப் பூச்சு வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும், பெட்ரோல் டாங்க் பக்கத்தில் தீப்பொறி போகவே கூடாது.

பெரிய உருவங்களுக்கு இரும்புக் கம்பியும் கோழிவலையும் கட்டி, மேலே ஃபைபர் கிளாஸ் பூசுவார்கள். தெர்மோகோலைச் செதுக்கியும் செய்யலாம். எடை மிகக் குறைவு. அதன்மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் தெர்மோகோல் கரைந்து காணாமல் போகும். எபாக்ஸி ரெசின்தான் ஒத்துவரும்.

எடையைக் கணக்கில் வைக்காமல் கட்டுவதுதான் பெரும் ஆபத்து. பின் அச்சுக்கும் பின்னால் பாரம் ஏறினால் முன் சக்கரங்களின் பிடி குறைந்து ஸ்டியரிங் தளரும். உயரத்தில் ஏறினால் திருப்பத்தில் கவிழும். பானெட்டை எவ்வளவு அலங்கரித்தாலும் ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை அடைக்கக் கூடாது. விளக்குகள், நம்பர் பிளேட், பக்கக் கண்ணாடிகள், முன் கண்ணாடி ஆகியவையும் மறையக் கூடாது. நெவாடா பாலைவனத்தில் நடக்கும் ‘பர்னிங் மேன்’ விழாவுக்கு மட்டும் வேறு கணக்கு. அங்கே மணிக்கு 5 மைல்தான் உச்ச வேகம். கொஞ்சம் அலங்கரித்தால் போதாது, பழைய வண்டி என்றே தெரியாத அளவுக்கு உருமாற்ற வேண்டும்.

என்ன செய்வது என்பதில் ஒரே ஒரு யோசனை சொல்லலாம்: கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டாதீர்கள், ஒரே கருவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹாரட் பிளாங்க் என்ற திரைப்பட இயக்குநர் தம் வேனை ஏராளமான பழைய கேமராக்களால் போர்த்தினார். அவற்றில் சில உண்மையிலேயே வேலை செய்தன. வாய் பிளந்து பார்க்கும் தெருமக்களை அந்த வேனே படம் பிடித்தது. ஒரு கரு, அதுவும் கடைசிவரை. அதனால்தான் அது நினைவில் நிற்கிறது.

இதையெல்லாம் நம் ஊரில் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே பொதுச் சாலையில் ஓட்டுவதாக இருந்தால், உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.