ஊசி எங்கே இறங்குகிறது?

பக்கவாதத்தில் படுத்து எழுந்தவர்கள் சிலருக்கு ஒரு சங்கடம் மிஞ்சிவிடுகிறது. விரல்கள் இறுக மடங்கித் திறக்க மறுக்கின்றன. உள்ளங்கையைக் கழுவிவிடக்கூட வீட்டார் போராட வேண்டியிருக்கிறது.

இந்தப் பிடியைத் தளர்த்துவது எது தெரியுமா? ஒரு கொடிய விஷம்! சரியாகப் பதப்படுத்தாத உணவில் கிருமிகள் உண்டாக்கும் ‘பொட்டுலினம்’ நஞ்சை, மிக மிகச் சிறிய அளவில் தசைக்குள் ஏற்றுகிறார்கள். நரம்பின் கட்டளை தசைக்கு எட்டாமல் அது தடுக்கிறது. சில நாட்களில் இறுக்கம் தளரும். பலன் சுமார் மூன்று மாதம் நிற்கும்.

ஆனால் முன்கைத் தசைகள் அடுக்கடுக்காக இருப்பவை. ஊசி பக்கத்துத் தசையில் இறங்கினால் மடங்கிய விரல் மடங்கியபடியே இருக்கும். நன்றாக இருந்த விரல் சோர்ந்துவிடும்! மூளைவாதமுள்ள குழந்தைகளைப் பற்றி ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆராய்ச்சி 2005-ல் வெளியாயிற்று. கையால் தடவிப் பார்த்துக் குத்தியபோது, கெண்டைக்காலில் நூற்றுக்கு 75-க்கு மேல் குறி தப்பவில்லை. முன்கையிலும் கையிலுமோ 13 முதல் 35 வரைதான்!

ஆகவே, ஊசி வழியே இலேசாக மின்சாரம் செலுத்தி, எந்த விரல் அசைகிறது என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். அல்லது, கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைக்கும் ‘ஸ்கான்’ கருவியைக் கைமேல் வைத்து, ஊசி போகும் பாதையைத் திரையில் காண்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஊசி போடச் சொன்னால், தயங்காமல் கேளுங்கள்: “சரியான தசையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், டாக்டர்?”