பையன் மக்கா? கையெழுத்துப் போட்டுச் சொல்லும் ஆபீசர்!

பையன் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. புத்தகத்தைக் கொடுத்தால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து கொள்கிறான். டீச்சர் கையை விரித்துவிட்டார். அடுத்து என்ன?

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு ஆபீசர் இருக்கிறார். குப்பை அள்ளுவதற்கும் தெரு விளக்குக்கும் ஆபீசர்கள் இருக்கும் அதே கவுன்சிலில்தான் அவருக்கும் சம்பளம். பெயர், கல்வி மனோதத்துவ நிபுணர். அவர்களில் அனுபவசாலிகளை "சீனியர்" ஆக்குகிறார்கள்.

லேசில் கிடைக்கிற வேலை அல்ல இது. மனோதத்துவத்தில் பட்டம் வேண்டும். பிள்ளைகளோடு வேலை பார்த்த அனுபவம் வேண்டும். அதற்கு மேல் 3 வருடம் படித்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். இவ்வளவும் முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும்!

கட்டையும் படமும்

வந்த உடனே பரீட்சை வைப்பதில்லை. முதலில் வகுப்பின் மூலையில் உட்கார்ந்து சும்மா பார்ப்பார். பையன் யாரோடு சேருகிறான், எப்போது மிரளுகிறான், மணி அடித்ததும் விளையாட ஓடுகிறானா, சுவரோரம் நிற்கிறானா என்று கவனிப்பார். டீச்சரிடம் பேசுவார். தாயாரிடம் பேசுவார். காது சரியாகக் கேட்கிறதா என்று டாக்டர் பார்த்தாரா எனவும் விசாரிப்பார். காதுக்குள் நீர் கோத்துக்கொண்டு பாதிச் சொல் கேட்காத பிள்ளைக்கு "மந்தம்" என்று பட்டம் கட்டிவிடக் கூடாதல்லவா?

அதன் பிறகுதான் பெட்டியைத் திறப்பார். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள், படங்கள், சொற்கள், எண்கள். தேவைப்பட்டால் மட்டும்தான் இதெல்லாம். இப்போது பல நிபுணர்கள் பெட்டியைத் திறக்காமலே வேலையை முடித்து விடுகிறார்கள்.

சீனியர் என்றால் கூடுதல் சுமை. தன் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டே, கீழே இருப்பவர்களையும் பயிற்சிக்கு வந்தவர்களையும் வழிநடத்த வேண்டும். ஒரு மாணவனோ ஆசிரியரோ திடீரென்று இறந்து போனால், பள்ளியிலிருந்து போன் இவருக்கும் வரும். கையில் உள்ளதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும்.

முதல் ஆபீசர் பட்ட பாடு

இந்த உத்தியோகம் பிறந்தது 1913ல். லண்டன் கவுன்டி கவுன்சில், சிரில் பர்ட் என்பவரை அரை நேர வேலைக்கு வைத்துக்கொண்டது. பிரிட்டனில் ஒரு உள்ளாட்சி நியமித்த முதல் மனோதத்துவ நிபுணர் அவர்தான். 1932 வரை அந்த வேலையில் இருந்தார். பிறகு பேராசிரியர் ஆனார். 1946ல் "சர்" பட்டமும் வந்தது.

புத்தி பெரும்பாலும் பிறப்பிலேயே வருகிறது என்பது அவர் கட்சி. பிரிந்து வளர்ந்த இரட்டையர்களைச் சோதித்ததாகச் சொல்லி அதற்குக் கணக்குக் காட்டினார். 1955ல் 21 ஜோடிகள். ஒப்புமைக் கணக்கு 0.771. 1966ல் 53 ஜோடிகள். அப்போதும் அதே 0.771! ஜோடிகள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் கடைசிப் புள்ளிகூட மாறவில்லை.

1971ல் பர்ட் காலமானார். 1976ல் "சண்டே டைம்ஸ்" பத்திரிகை விஷயத்தைப் போட்டு உடைத்தது. அவருக்கு உதவியதாகச் சொன்ன இரண்டு பெண்கள் உண்மையிலேயே இருந்தார்களா என்ற கேள்வியும் கிளம்பியது. பர்ட்டுக்காக வக்காலத்து வாங்கிப் பின்னாளில் புத்தகம் எழுதியவர்களும் உண்டு. சண்டை இன்னும் ஓயவில்லை.

"பைப்" என்றால் மார்க் இல்லை!

பர்ட் இறந்த அதே 1971ல் லண்டனில் ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் பெர்னார்டு கோர்டு என்ற கிரெனடா தீவு ஆசிரியர்.

அந்தக் காலத்தில் "படிப்பில் குறைந்தவர்கள்" என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. அங்கே போனால் திரும்பி வருவது அபூர்வம். பரீட்சையும் கிடையாது, உத்தியோகமும் கிடையாது. லண்டனில் சாதாரணப் பள்ளிகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் 100க்கு 15 பேர். இந்தத் தனிப் பள்ளிகளிலோ 100க்கு 28 பேர்! அவர்களில் பெரும்பாலோர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள். கல்வி இலாகாவே 1967ல் எடுத்த கணக்கு இது.

பிள்ளைகளிடம் குறை இல்லை, சோதனையில்தான் குறை என்றார் கோர்டு. தண்ணீர்க் குழாய்ப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால் "டேப்" என்று சொல்ல வேண்டும். தீவுப் பிள்ளை "பைப்" என்பான். அவன் ஊரில் அதுதான் பெயர். (சென்னைப் பிள்ளையைக் கேட்டாலும் அதையேதான் சொல்லும்!) புத்தகத்தைப் படித்த பெற்றோர் கொதித்துப் போனார்கள். அந்த முத்திரையை ஒழித்த சட்டம் 1981ல் வந்தது. கோர்டு பிறகு சொந்தத் தீவுக்குப் போய்த் துணைப் பிரதமராகி, ஆட்சிக் கவிழ்ப்பில் சிக்கி, 2009 வரை சிறையில் இருந்தது தனிக் கதை.

அதனால்தான் இப்போது நிபுணர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "வீட்டில் என்ன பாஷை பேசுறீங்க?" லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் ஈழத்தமிழர் குடும்பங்கள் நிறைய உண்டு. வீட்டில் தமிழ், வெளியே இங்கிலீஷ் என்று வளரும் பிள்ளையை இங்கிலீஷ் சோதனை ஒன்றை மட்டும் வைத்து எடை போடக் கூடாது. தாயாருக்கு இங்கிலீஷ் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

எஜமானருக்கே செலவு

இந்த வேலையில் பெரிய தர்மசங்கடம் பணத்தில் இருக்கிறது.

2014 சட்டப்படி, ஒரு பிள்ளைக்கு விசேஷ உதவித் திட்டம் வேண்டும் என்று தாயார் மனுப் போட்டால், திட்டம் கைக்கு வர 20 வாரம்தான் கெடு. நிபுணர் அறிக்கை தர 6 வாரம். பையனுக்கு இன்ன உதவி, வாரத்துக்கு இத்தனை மணி என்று அதில் எழுத வேண்டும். அது திட்டத்தில் ஏறிவிட்டால் கவுன்சில் அதைச் செய்தே தீர வேண்டும். கைக்காசு இல்லை என்று தப்பிக்க முடியாது.

அறிக்கை எழுதுபவர் கவுன்சிலின் சம்பளக்காரர். பில் கட்டுவதும் அதே கவுன்சில். தனியார் விசேஷப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் சராசரிச் செலவு வருடத்துக்கு 61,500 பவுன் என்று 2024ல் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. அரசு விசேஷப் பள்ளி என்றால் 23,900 பவுன்.

"கொஞ்சம் பார்த்து எழுதுங்க" என்று யாராவது காதில் ஓதினால்? எழுதக் கூடாது. பிள்ளைக்கு என்ன தேவையோ அதைத்தான் எழுத வேண்டும் என்பது தொழில் விதி. கீழே உள்ளவர் எழுதியது பணத்துக்குப் பயந்து மழுப்பலாக இருந்தால், அதைத் திருப்பி அனுப்ப வேண்டியவர் சீனியர்தான்.

மனுக்களோ மலைபோல் வருகின்றன. 2024 ஜனவரியில் இங்கிலாந்து முழுக்க 5 லட்சத்து 75 ஆயிரம் திட்டங்களுக்கு மேல் நடப்பில் இருந்தன. 2023ல் பாதித் திட்டங்கள்தான் 20 வாரத்துக்குள் வந்தன. நிபுணர்கள் போதவில்லை. அறிக்கை எழுதியே அலுத்துப்போய், வேலையை விட்டுத் தனியாகத் தொழில் நடத்துகிறவர்களும் உண்டு. இருப்பவர்கள் தலையில் அவர்கள் பங்கும் விழுகிறது. பள்ளிக்குப் போய்ப் பிள்ளையோடு உட்காரும் நேரம்தான் குறைகிறது.

திட்டம் திருப்தி இல்லை என்றால் தாயார் டிரிப்யூனலுக்குப் போகலாம். தீர்ப்பு வரை போகும் வழக்குகளில் 100க்கு 95க்கு மேல் பெற்றோர் பக்கமே சாய்கிறது. அங்கே கவுன்சில் சார்பில் சாட்சி சொல்ல சீனியரும் போக வேண்டியிருக்கும். எதிரே தாயார் கையில் இருப்பது, அவரே கையெழுத்துப் போட்ட அறிக்கையின் நகல்.