உங்களுக்குத் தெரியுமா? ‘உயர் அபாய’ அணை என்பது யாது
அமெரிக்க தேசத்தில் ஓர் அணைக்கு ‘உயர் அபாயம்’ என்ற முத்திரை விழுந்திருப்பதைக் கண்டு, அதன் சுவர் விண்டு நிற்கிறது போலும் என்று கருதிவிடுதல் பிழை. அவ்வகுப்பு அணையின் ஜீர்ண நிலையைக் குறிப்பதன்று, அது உடையுமாயின் கீழே வசிப்போருக்குப் பிராணஹானி நேருமா என்ற ஒன்றையே குறிப்பது. ஆகவே அணையில் ஒரு கல்லும் அசையாதிருக்க, அடிவாரத்தில் நாலு வீடுகள் எழும்பினாலே வகுப்பு மாறிவிடக்கூடும், விசித்திரமான கணக்குத்தான்!

சிற்றணையேயாயினும் அது உடைந்தால் கீழே இருப்போருக்கு என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. கொலராடோ மாகாணத்தில், ஏறத்தாழ 11,000 அடி உயர மலைப்பிரதேசத்தில், பாசனத்திற்கென்று 1903-இல் எழுப்பப்பெற்ற லான் லேக் மண்ணணை சுமார் 26 அடி உயரமே உடையது. அதன் அடியில் நீர் வெளிப்படும் குழாயும் அடைப்பு வால்வும் கூடுமிடத்தில் இட்டிருந்த ஈயப்பூச்சு நாளடைவில் சிதைய, கசிந்த நீர் ஓசையின்றி உள்மண்ணை அரித்திருக்க வேண்டும் என்று ஆய்ந்தோர் கருதினர். 1982 ஜூலை 15 விடியற்காலையில் அணை உடைந்தது. பேரிரைச்சலைக் கேட்ட குப்பைவண்டிக்காரர் ஒருவர் உடனே டெலிபோனில் அறிவித்தமையால் பலர் தப்பினர். எனினும் மூவர் மாண்டனர். வெள்ளம் உருட்டிக் கொணர்ந்த பாறைகள், விசிறி விரித்தாற்போல், அணைக்குக் கீழுள்ள பள்ளத்தாக்கில் இன்றும் கிடக்கின்றன.