அப்பாவின் வண்டியும் முறிந்த போல்ட்டும்



நம் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பழைய வாகனத்தைச் சொந்தமாகப் பழுது பார்ப்பது பற்றிப் பேசினோம். “இது ஆண்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே?” என்று தொலைபேசியில் ஒரு நேயர் கேட்டார். என் விரலில் இருக்கும் தழும்பை அவருக்குக் காட்ட ஆசைதான். தொலைபேசியில் காட்ட முடியாதே!

கேமரன் மலைக்குப் போனவர்கள் காய்கறித் தோட்டங்களில் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் அப்பாவிடமும் ஒன்று உண்டு. 1971 முதல் 1985 வரை தயாரான சீரிஸ் 3 வகை, 2.25 லிட்டர் டீசல் இயந்திரம். அதில் முட்டைக்கோஸ் ஏற்றித்தான் அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். ஈராண்டுகள் ஓடாமல் நின்றதும், “பழைய இரும்புக்குப் போட்டுடலாம்மா” என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு அன்றிரவு சாப்பிடவில்லை. அதனால்தான் நாங்கள் ஸ்பானரைக் கையில் எடுத்தோம்.

முதல் நாளே புகைக்குழாயைத் தாங்கும் போல்ட் ஒன்று முறிந்தது. பலத்தைக் காட்டினால் கழன்றுவிடும் என்று நினைத்தது எங்கள் தவறு. துருவை ஊடுருவும் எண்ணெயை முதல் நாள் இரவே ஊற்றி ஊற விட வேண்டும். மறுநாள் கழற்றும் பக்கம் மட்டும் திருப்பாமல், சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும். அப்படியும் முறிந்தால், மிச்சமிருக்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பலாம். அந்தச் சூடே துருவின் பிடியைத் தளர்த்திவிடும்.

அடுத்தது டீசல் குழாய். வடிகட்டியை மாற்றியபோது குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. காற்றை வெளியேற்ற பம்பில் கையால் அடிக்கும் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அடித்தோம், டீசல் வரவில்லை. பம்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அண்ணன் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதுவும் வேலை செய்யவில்லை. “நீதான் சரியாக மாட்டவில்லை” என்று இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லி, இரண்டு வாரம் பேசிக் கொள்ளவே இல்லை.

காரணம் என்ன தெரியுமா? பம்பை இயக்கும் கேம் மேடேறி நின்ற இடத்தில் இயந்திரம் நின்றிருந்தால், கை நெம்புகோலுக்கு அசைய இடமே இருக்காது. இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடித்தால் போதும். இதைச் சொன்னவர் அப்பா. அதுவரை நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை!

நேயர்களே, எல்லாவற்றையும் விடப் பெரிய அடி கடைசியில்தான் வந்தது. இந்த வண்டியின் மேற்கூடு அலுமினியம், அடிச்சட்டம் எஃகு. மேலே பளிச்சென்று இருக்கும், கீழே துரு தின்றுகொண்டிருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். எங்கள் வண்டியின் பின்சட்டத்தில் திருப்புளி உள்ளேயே இறங்கியது. முதல் நாளே தட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? இயந்திரத்துக்கு நிறையச் செலவழித்த பிறகு பார்த்தோம்.

‘இவ்வளவு போட்டாயிற்றே, இனி விட முடியுமா’ என்று மனம் சொல்லும். அந்தக் குரலை நம்பாதீர்கள். போன பணம் போனதுதான். இனி ஆகும் செலவு இந்த வண்டிக்குத் தகுமா என்பதே கேள்வி. நாங்கள் ஒரு வாரம் வண்டியைத் தொடாமல் கணக்குப் போட்டோம். கணக்கு ‘தகாது’ என்றுதான் சொன்னது. அப்பா சாப்பிடாத அந்த இரவைக் கணக்கில் எங்கே எழுதுவது? தெரிந்தே தொடர்ந்தோம். ஆனால், உயிரைச் சுமக்கும் சட்டமாயிற்றே! அதை மட்டும் அனுபவமுள்ள வெல்டிங் பட்டறையில் கொடுத்தோம்.

அடியில் படுக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பாமல் தாங்கியும் வையுங்கள். கோபம் வந்தால் ஸ்பானரைக் கீழே போட்டுவிடுங்கள். என் தழும்பு அப்படி ஒரு கோபத்தில் வந்ததுதான்.

இப்போது இயந்திரம் ஓடுகிறது. பிரேக் ஒரு பக்கம் இழுப்பதால் வாசலைத் தாண்டவில்லை. அப்பா தினமும் காலையில் அதை முடுக்கி, ஐந்து நிமிடம் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் பசியாறப் போகிறார்.