மூன்றாம் நாள் ரத்தம்

மாதவிலக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், வெறும் வயிற்றோடு வரச் சொல்லித்தான் எங்கள் லேபில் ஹார்மோன் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்போம். சீட்டை நீட்டும் பெண்ணோடு அம்மாவோ மாமியாரோ வருவார். “ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனை நோண்டினா நீர்க்கட்டி வராம என்ன செய்யும்?” என்று ஊசி ஏறும்போதே திட்டு விழும். அந்தப் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. பழி முழுக்க அவளுடையதா என்ன?

ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் அளவை நாங்கள் பிகோகிராமில் எழுதுவோம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஒரு மில்லி ரத்தத்தில் அப்படி முப்பது நாற்பது இருந்தாலே கருப்பை அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. உடலுக்குள் ஹார்மோன்போல நடிக்கும் ரசாயனங்களும் வெளியிலிருந்து வருகின்றன. இந்தப் போலிகள் அதைவிட வலுக்குறைந்தவைதான். ஆனால் தினமும் வருகின்றன.

பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்று செல்களை வளர்த்து ஆராய்ந்துவந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கிடைத்தால் பெருகும் செல்கள் அவை. திடீரென்று, ஈஸ்ட்ரோஜன் சேர்க்காத தட்டுகளிலும் பெருகிக் கிடந்தன. ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்ததில், கடைசியில் பிடிபட்டது பிளாஸ்டிக் குழாய். தயாரித்தவர்கள் அதன் சேர்மானத்தை மாற்றியிருக்கிறார்கள். அதிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால் ஈஸ்ட்ரோஜனின் வேலையைச் செய்திருக்கிறது. 1991-இல் இதை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் குழாய்களோடே பொழுதைக் கழிக்கும் எனக்கு, இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிஸ்ஃபீனால் ஏ என்ற பிபிஏவின் கதை இன்னும் கொடுமை. கெட்டியான பாலிகார்பனேட் பாட்டில், தகர டப்பாவின் உட்பூச்சு, கடைகளில் தரும் வழவழப்பான பில் தாள் என்று எங்கும் இருப்பது அது. 1936-இல் லண்டனில் எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ் அதை ஈஸ்ட்ரோஜன்போல வேலை செய்யும் பொருளாகவே சோதித்துப் பார்த்தார். ஹார்மோன் குணம் உண்டு என்று தெரிந்த பொருளைத்தான், பிற்பாடு சாப்பாட்டைச் சுற்றி வைத்தார்கள்.

நீர்க்கட்டிக்குப் பிளாஸ்டிக்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பரம்பரை, இன்சுலின் கோளாறு, எடை எல்லாமே உண்டு. நீர்க்கட்டி உள்ள பெண்களின் ரத்தத்தில் பிபிஏ கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எது முதலில், எது பிறகு என்பது இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல், ஒருவர் தினமும் தாங்கத்தக்க பிபிஏ அளவை 20,000 மடங்கு குறைத்துவிட்டது.

ஆறுதலான செய்தியும் உண்டு. பிபிஏவின் பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து அமெரிக்கக் குடும்பங்களுக்கு டப்பாவும் பிளாஸ்டிக்கும் படாத புதுச் சமையலை மூன்று நாள் கொடுத்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் இறங்கியது.

அதனால், கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டி வாங்காதீர்கள்; தூக்குவாளி எடுத்துப் போங்கள். கவரில் பிபிஏ இல்லாவிட்டாலும் வேறு சேர்மானங்கள் இருக்கும். சூடும் எண்ணெயும் பட்டால் கசிவு கூடும். ‘பிபிஏ இல்லாதது’ என்ற லேபிளை மட்டும் நம்பவும் முடியாது. பல நேரம் அதற்குப் பதிலாகச் சேர்ப்பது அதன் உறவான பிபிஎஸ் (பிஸ்ஃபீனால் எஸ்). அதுவும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது.

ஜவுளிக்கடை பில் கவுன்டரில் நாள் முழுக்க நிற்கும் பெண்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. சானிட்டைசர் போட்ட ஈரக் கையில் அந்த வழவழப்பான பில் தாளின் பிபிஏ இன்னும் சுலபமாக ஏறும். பிபிஏ, பிபிஎஸ் இரண்டும் இல்லாத தாளை முதலாளிகள் வாங்கிப் போட வேண்டும். அதுவரை நைட்ரைல் கையுறையாவது கொடுக்கட்டும்.